பாட்டியின் கதையை எழுதி வைப்போம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்த பிறகு கிளப் ஹவுஸில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே எழுத்து வடிவில்.)



மெயின்டனன்ஸ் கட்டணம், தண்ணீர் லாரி, விருந்தாளி பார்க்கிங் மூன்றையும் பேசி முடித்த பிறகும் இத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கே நன்றி சொல்ல வேண்டும். நான் அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு சின்னப் பரீட்சையோடு ஆரம்பிக்கிறேன். யாரும் எழுந்து பதில் சொல்ல வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்ன? அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்ன? இது வரைக்கும் அநேகமாக எல்லோரும் தேறிவிடுவீர்கள். இப்போது இன்னும் ஒரு படி மேலே போங்கள். உங்கள் இரண்டு பாட்டிகளைப் பெற்றவர்கள், இரண்டு தாத்தாக்களைப் பெற்றவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் நான்கு கொள்ளுப்பாட்டிகள் உண்டு. அந்த நான்கு பெயர்களையும் சொல்ல முடியுமா?

சிரிப்பிலிருந்தே விடை தெரிகிறது. கொள்ளுத்தாத்தா என்றால் ஒருவர் பெயராவது வந்துவிடும். அவர் பெயர் பத்திரத்தில் இருக்கும், பட்டாவில் இருக்கும், யாராவது ஒரு பேரனுக்கு வைத்திருப்பார்கள். நம் பெயருக்கு முன்னால் இருக்கும் இன்ஷியலே அப்பாவின் பெயரிலிருந்து வருவதுதான். பாட்டியின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால் அங்கேயும் 'இன்னாரின் மனைவி' என்று சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. வாக்காளர் பட்டியல் தயாரிக்கப் போன இடங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவு செய்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்தில்தான் இது அதிகம். ஆனால் குடும்ப வரலாறு என்று வரும்போது நம் வீடுகளிலும் இந்த நீக்கம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, அம்மாயி, அம்மம்மா, ஆயா, நன்னிமா என்று இந்த நான்கு பிளாக்குகளுக்குள்ளேயே எத்தனை விதமாகக் கூப்பிடுகிறோம்! கூப்பிடப் பெயர் இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதி வைக்க மட்டும் நமக்கு ஒரு பக்கம் கிடைக்கவில்லை. "எங்க பாட்டி சாதாரண மனுஷி. எழுதுற அளவுக்கு என்ன இருக்கு?" என்பதுதான் பொதுவாக வரும் பதில். பாட்டியைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். அது சரியான பதில் இல்லை என்பதற்கு இரண்டு உண்மைக் கதைகளைச் சொல்லப் போகிறேன்.

முதல் கதை சென்னையைச் சேர்ந்தது. மைதிலி சிவராமன் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இடதுசாரி இயக்கத்திலும் மாதர் இயக்கத்திலும் வாழ்நாளெல்லாம் உழைத்தவர். 1968இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமையைப் பற்றி எழுதி வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர்களில் ஒருவர். அவருடைய அம்மாவின் அம்மா பெயர் சுப்புலட்சுமி. பாடகி எம்.எஸ். அல்ல, இவர் வேறு. 1897இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். பதினான்கு வயதில் ஒரு பெண் குழந்தைக்குத் தாய்.

இதைக் கேட்டு யாரும் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல வேண்டாம். அன்றைக்கு அதுதான் வழக்கம். பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது பதினான்கு என்று சொன்ன சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் கொள்ளுப்பாட்டிகளில் பலர் அந்தச் சட்டத்துக்கு முன்னால் தாலி கட்டிக்கொண்டவர்கள்.

சுப்புலட்சுமியின் கணவர் ஆங்கிலேய அரசாங்கத்தின் உப்புத் துறையில் அதிகாரி. உப்புத் துறை என்றால் கடலோரத்து ஊர்களில்தான் வாசம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிறந்த வீட்டை விட்டு அப்படிப்பட்ட ஊர்களில் குடித்தனம் நடத்தினார் என்றால் பேச்சுத்துணைக்கு யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குத் துணையாக இருந்தது புத்தகம். பின்னாளில் திருவல்லிக்கேணிக்கு வந்தபோது அந்தப் படிப்பு ஆசைக்கு ஒரு வாசல் திறந்தது. நாட்டு விடுதலைப் போராட்டத்தின் காற்றும் அவர் மேல் வீசியது. தம் மகளை ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. நடக்காமல் போனதோடு அவருடைய வெளியுலகமும் மெல்லச் சுருங்கியது.

பேத்தி மைதிலிக்குத் தெரிந்தது அதிகம் பேசாத ஒரு பாட்டியைத்தான். 1978இல் அந்தப் பாட்டி காலமானார். அவர் விட்டுப் போனவற்றில் ஒரு நாட்குறிப்பும் கடிதங்களும் காகிதங்களும் இருந்தன. அதைப் படித்த பிறகுதான், வீட்டின் ஒரு மூலையில் அமைதியாக இருந்த பாட்டிக்குள் எவ்வளவு பெரிய உலகம் இருந்தது என்று பேத்திக்குத் தெரிந்தது. ஆனால் நாட்குறிப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. நடுநடுவே பெரிய இடைவெளிகள். மைதிலி என்ன செய்தார் தெரியுமா? தம் அம்மா பங்கஜத்தின் நினைவுகளைக் கேட்டார். அந்தக் காலத்துச் சென்னையின் வரலாற்றைப் படித்தார். காகிதம், வீட்டுப் பெரியவர்களின் நினைவு, ஊர் வரலாறு என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2006இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஒரு வாழ்வின் சிதறல்கள்'. வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தி இந்தச் சுப்புலட்சுமியைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார்.

கதை அதோடு முடியவில்லை. பதினான்கு வயதுத் தாய்க்கு 1911இல் பிறந்த அந்தக் குழந்தைதான் பங்கஜம். அவரும் தம் வாழ்க்கையைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தார். அவருடைய பேத்தி, அதாவது மைதிலியின் மகள் கல்பனா கருணாகரன், சென்னை ஐஐடியில் பேராசிரியர். அவர் தம் பாட்டி பங்கஜத்தைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதன் தலைப்பு 'ஒரு பொருட்டாக எண்ணப்படாத பெண்' என்கிற பொருளில் வரும். நான்கு தலைமுறைப் பெண்கள், இரண்டு பேத்திகள், இரண்டு பாட்டிகள், இரண்டு புத்தகங்கள். காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் இதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இங்கே சிலர் மனதில் ஒரு கேள்வி எழும். "அவங்க படிச்சவங்க, டைரி எழுதினாங்க. எங்க ஆத்தாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, கைநாட்டுதான்." நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இரண்டாவது கதை.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே வீரம்மா என்று ஒருவர். தலித் சமூகத்தைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி. ஊரில் பிரசவம் பார்ப்பவரும் அவர்தான். பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்று பேரைத்தான் உயிரோடு காப்பாற்ற முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நன்றாகப் பாடுவார். ஜோசியான் ரசீன் என்ற இசை ஆய்வாளர் கிராமத்துப் பாட்டுகளைச் சேகரிக்கப் போன இடத்தில் வீரம்மாவைச் சந்தித்தார். பாட்டில் ஆரம்பித்த பேச்சு, வாழ்க்கைக்குப் போனது. நடவு, கூலி, பண்ணையார், பேய், சாமி, புருஷன், பிள்ளைச்சாவு என்று ஏறத்தாழப் பத்து வருடங்கள் வீரம்மா சொல்லச் சொல்ல டேப்பில் பதிவு செய்தார்கள். அது 1995இல் பிரெஞ்சு மொழியிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்து உலகமெல்லாம் படிக்கப்பட்டது.

ஒரு பாட்டி பேசவில்லை, எழுதி வைத்தார். இன்னொரு பாட்டி எழுதவில்லை, பேசினார். இரண்டு இடத்திலும் கேட்பதற்கு ஒருவர் இருந்தார், அதுதான் முக்கியம். நம் வீட்டுப் பாட்டிகளின் கதை புத்தகமாக வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் நான்கு பக்கமாக இருந்தால் போதும்.

சரி, எப்படிக் கேட்பது?

"உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க பாட்டி" என்று செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினால் ஒன்றும் வராது. "எல்லாம் நல்லாத்தான் போச்சு, போய்ப் படி" என்று முடித்துவிடுவார். பெரிய கேள்விக்குச் சின்னப் பதில்தான் கிடைக்கும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். கல்யாணமாகிப் போன வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கிணறா, குளமா, தெருக்குழாயா? காலையில் யார் முதலில் எழுந்தார்கள்? சாப்பாட்டில் கடைசியாக உட்கார்ந்தது யார், அவருக்கு என்ன மிஞ்சியது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அரை மணி நேரம் பேசிய பாட்டிகள் உண்டு.

பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பரணில் ஒரு பித்தளைக் குண்டான் இருக்கும். அதன் கழுத்தில் பெயர் பொறித்திருக்கும். அது யார் பெயர், யார் சீராகக் கொடுத்தது? பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வழக்கம் இருந்ததால் எத்தனையோ பெண்களின் பெயர் காகிதத்தில் இல்லாவிட்டாலும் பித்தளையில் இருக்கிறது. எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

நகையைப் பற்றிக் கேளுங்கள். கல்யாணப் போட்டோவில் கழுத்தில் இருக்கிற ரெட்டை வடச் சங்கிலி இப்போது எங்கே? ஒன்று பெரியப்பாவின் காலேஜ் பீஸாகப் போயிருக்கும். இன்னொன்று சித்தப்பா வெளிநாடு போக டிக்கெட்டாகியிருக்கும். 1962 சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களும் உண்டு. ஒவ்வொரு நகையும் எப்போது அடகுக்குப் போனது, எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று எழுதிப் பாருங்கள். உங்கள் குடும்பத்தின் பொருளாதார வரலாறு முழுவதும் அதில் வந்துவிடும். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடத்தின் முன்பணத்திலேயே எத்தனை பாட்டிகளின் வளையல் கலந்திருக்கிறதோ!

அடுத்த சிக்கல், வருடம். "எப்ப நடந்தது பாட்டி?" என்று கேட்டால், "அது ஆச்சு ரொம்ப வருஷம்" என்பார். அவர்கள் கணக்கில் வருடம் எண்ணாக இருக்காது, சம்பவமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நாம் எண்ணுக்கு வரலாம். காந்தி இறந்த செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றால் அது 1948 ஜனவரி 30 அல்லது மறுநாள். அணா போய் நயா பைசா வந்த புதிதில் கல்யாணம் என்றால் 1957. அந்த வருடம் ஏப்ரல் 1 முதல்தான் ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது நூறு நயா பைசாவாக மாறியது. நேரு இறந்தபோது வளைகாப்பு என்றால் 1964 மே. தனுஷ்கோடி புயலில் மூத்தவன் கைக்குழந்தை என்றால் 1964 டிசம்பர். அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்குத் தாத்தா லாரி ஏறிப் போனார் என்றால் 1969 பிப்ரவரி. சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது என்றால் 1982க்குப் பிறகு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தத் திட்டம் அந்த வருடம்தான் வந்தது.

ஜாதகம் எழுதிய வீடுகளில் இன்னொரு வழி இருக்கிறது. சர்வதாரி வருஷம் ஆவணி மாதம் என்று இருந்தால் 1948 ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். அதனால் 1888ஆ, 1948ஆ, 2008ஆ என்பதைப் பாட்டியின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள். அது சுலபம்தான். ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதியாக இருக்கலாம், அல்லது ரேஷன் கார்டுக்காக யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயதாக இருக்கலாம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

உண்மையாகக் கேட்க ஆரம்பித்தால் இனிப்பான கதைகள் மட்டும் வராது. இறந்து பிறந்த குழந்தை, படிப்பை நிறுத்திய நாள், தாத்தாவின் இன்னொரு குடும்பம், மாமியார் பூட்டி வைத்த அரிசிப் பானை எல்லாம் வரும். சொத்தைப் பற்றியும் வரும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு என்றது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பிறப்புரிமை என்று 1989இல் தமிழ்நாடு அரசு திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. சட்டம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, வீட்டுக்குள் என்ன நடந்தது? அண்ணன் தம்பி கொண்டுவந்த விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பட்டுப்புடவை, தீபாவளிச் சீர், பிறந்த வீட்டு வாசலுக்குப் போய்வருகிற உரிமை, இவற்றுக்காகப் போட்டார்கள். "அந்தப் பத்திரத்தை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா?" என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் எதுவாக இருந்தாலும் அதை மாற்றாமல் எழுதுங்கள்.

இதைச் சொல்லி குடும்பத்தில் பழைய சண்டையைக் கிளப்புவது நம் நோக்கம் இல்லை. அதனால் சில வரைமுறைகள் வேண்டும். பாட்டி அழுதால் ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொன்னதை எழுத வேண்டாம்; எழுதியே ஆக வேண்டும் என்றால் தனிக் கவரில் போட்டு, யார் எப்போது திறக்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய விஷயத்தை அவர்களைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு முழுப் பிரதி, வெளியில் காட்ட ஒரு சுருக்கமான பிரதி என்று இரண்டு தயார் செய்வது நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதும்போது பாட்டியைத் தியாகத்தின் திருவுருவமாக்கிவிடாதீர்கள். "தன் ஆசைகளையெல்லாம் விட்டுக்கொடுத்து எங்களை வளர்த்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. என்ன ஆசை? அதைக் கேட்டீர்களா? சுப்புலட்சுமிக்குச் சாந்திநிகேதன் ஆசை. உங்கள் பாட்டிக்குப் பாட்டு கற்றுக்கொள்ள ஆசையாக இருந்திருக்கலாம், சைக்கிள் ஓட்ட ஆசையாக இருந்திருக்கலாம், கடலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்திருக்கலாம். யார் தடுத்தார்கள், ஏன் தடுத்தார்கள், அதற்குப் பிறகு அந்த ஆசையை அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. ஒருவேளை அந்த ஆசையைத்தான் அவர் உங்கள் அம்மாவிடம் கொடுத்து, "நீ படி" என்று பிடிவாதம் பிடித்திருப்பார். இன்றைக்கு உங்கள் மகள் வெளியூருக்குத் தனியாகப் போய் வேலை பார்க்கிறாள் என்றால், அதற்கு முன்னால் மூன்று பெண்கள் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். மகளுக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

இன்னொரு வேண்டுகோள். காலை ஆறு மணிக்கு நம் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான்கு பிளாக்குக்கும் வேலைக்கு வருகிற அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் பாட்டிகள்தான். அவர்கள் வீட்டிலும் ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்த ஓர் ஆயா இருப்பார். வெளியே சொல்ல முடியாத குறையை எல்லாம் பெண்கள் ஒப்பாரியில்தான் சொல்லி அழுதார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது விரும்பினால், செல்போனில் பதிவு செய்யவும் எழுதவும் நம் இளைஞர் குழு கைகொடுக்கலாம். அவர்கள் விரும்பினால் மட்டும்; எழுதியது அவர்களுக்கே சொந்தம்.

காகிதங்களைப் பாதுகாப்பது பற்றி நான்கு வார்த்தை. பழைய கடிதத்தையோ சான்றிதழையோ லேமினேஷன் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறோம், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் மஞ்சள் கறையாகி எழுத்தையே தின்றுவிடும். போட்டோவின் பின்புறம் பேனாவால் அழுத்தி எழுதாமல் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். நிற்பவர்கள் இடமிருந்து வலம் யார் யார் என்பது முக்கியம். பாட்டிக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். குரல் பதிவுக்கு யார், எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே போடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். மழைத்தண்ணீர் உள்ளே வந்த அனுபவம் இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை.

இங்கே வந்திருக்கும் அனைவருக்கும் ஒரு தாளில் பத்துக் கேள்விகள் கொடுத்திருக்கிறோம். இதழில் படிப்பவர்களுக்காக அவை இதோ:

1. உங்கள் முழுப் பெயர் என்ன? அதை யார் வைத்தார்கள்? வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்?

2. உங்கள் அம்மாவின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், அவர்களுடைய ஊர்?

3. பிறந்த வீட்டில் உங்களுக்கென்று ஓர் இடம் இருந்ததா? திண்ணையா, கொல்லையா, மாடிப்படியா?

4. எந்த வகுப்பு வரை படித்தீர்கள்? நிறுத்தச் சொன்னது யார்?

5. கல்யாணத்துக்கு உங்களைக் கேட்டார்களா? புகுந்த வீட்டில் முதல் மாதம் யார் உங்களிடம் அன்பாக இருந்தது?

6. முதல் பிரசவம் எங்கே நடந்தது, யார் பார்த்தார்கள்?

7. உங்கள் கையில் சொந்தமாகப் பணம் வந்தது எப்போது? அதை என்ன செய்தீர்கள்?

8. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்த பிறகு மிச்சமான நேரத்தில் என்ன செய்தீர்கள்?

9. செய்ய ஆசைப்பட்டுச் செய்ய முடியாமல் போனது எது?

10. உங்களைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல விருப்பமா?

பத்தையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று. கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம், கால் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்கலாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் வராத பேச்சு, கை வேலையாக இருக்கும்போது தானாக வரும். பேரப்பிள்ளைகள் கேட்டால் இன்னும் நல்லது. மகனிடமும் மகளிடமும் சொல்லாததைப் பேத்தியிடம் சொல்கிற பாட்டிகள் அதிகம்.

பாட்டி இப்போது இல்லையே என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அவருடைய தங்கையோ நாத்தனாரோ ஓரகத்தியோ எங்காவது இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். முதலில் அவர்களைத் தேடிப் போங்கள். இங்கேயே இருக்கும் பாட்டிகளே, தாத்தாக்களே, யாரும் வந்து கேட்கவில்லை என்றால் நீங்களே ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பியுங்கள். பங்கஜம் அப்படித்தான் செய்தார்.

முடிக்கும் முன் மைதிலி சிவராமனைப் பற்றி ஒரு செய்தி மட்டும். பாட்டியின் நினைவுகளை இவ்வளவு கஷ்டப்பட்டு மீட்டெடுத்த அவருக்கு, பிற்காலத்தில் அல்சைமர் நோய் வந்தது. தம் சொந்த நினைவுகளே மெல்ல மெல்ல அவரை விட்டுப் போயின. 2021 மே மாதம் கொரோனா காலத்தில் காலமானார். 2006இல் அந்தப் புத்தகத்தை முடிக்காமல், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், ஓய்வு கிடைத்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டிருந்தால், சுப்புலட்சுமியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் அவரோடு போயிருக்கும்.

நினைவு தவறிப் போவது பாட்டிக்கு மட்டும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். கேட்க வேண்டிய நமக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. நமது நான்கு பிளாக்குகளிலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது பேசக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். அதனால் பொங்கலுக்குப் பார்ப்போம், கோடை விடுமுறைக்குப் பார்ப்போம் என்று தள்ள வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். உங்கள் நான்கு கொள்ளுப்பாட்டிகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பீரோவில் வையுங்கள்.

எழுதி முடித்தவர்களில் விருப்பமுள்ளவர்கள் ஒரு பக்க அளவில், பாட்டியின் சம்மதத்தோடு, சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடுவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலே தலைப்பாகப் பாட்டியின் பெயர் இருக்கட்டும். 'இன்னாரின் மனைவி' என்று சேர்க்க வேண்டாம், அவர் பெயர் மட்டும் போதும்.

காபி வந்துவிட்டது. முதலில் பெரியவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போதே முதல் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.